வெள்ளிக்கிழமைச் சமையல்

சமையலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, வெறும் வாணலியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரர். சமையல் நடக்கிற சத்தம் வெளியே கேட்கவேண்டுமே! சமைத்த சாப்பாடு ஏற்கெனவே மேடைமேல், அவருடைய பழைய டூல்ஸ் பெட்டிக்குள் சுடச்சுட இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, சத்தம் பலமா இருக்கு, வாசனையே வரலியே?" டீச்சரம்மாவின் குரல்.

"வரும் டீச்சர், வரும்! இப்பதான் வதக்க ஆரம்பிச்சிருக்கேன்!"

வாழ்நாளெல்லாம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். மனைவி போனபிறகு மகன் வீட்டு ஹாலில், சோபாவில் படுத்துக்கொண்டார். வீட்டிலிருக்கும் கடைசி ஆள் டிவி பார்த்து முடிக்கும்வரை அவருக்கு ராத்திரி ஆகாது. அப்போதுதான் வயதானவர்கள் சிலர் சேர்ந்து கூட்டாக ஒரு வீடு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, ஒரே சாப்பாட்டு மேஜை. அவருக்கென்று காட்டிய அறையில் ஜன்னல் இருந்தது, கதவு இருந்தது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு விதி உண்டு. டீச்சரம்மா முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்ன விதி.

"இங்க யாரும் யாருக்கும் பாரமில்ல, யாரும் யாருக்கும் வேலைக்காரங்க இல்ல. அதனால சமையலுக்கு ஆள் கிடையாது, கடைச் சாப்பாடும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாள் தன் கையால எல்லாருக்கும் சமைக்கணும். முடியாதவங்க அறையைக் காலி பண்ணிடணும். சம்மதமா?"

மற்றவர்கள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து லிஃப்ட்காரரும் ஆட்டினார்.

"சமைப்பீங்க இல்ல?"

"அது என்ன பிரமாதம்!"

அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் சில நாள் அடிப்பிடித்துவிடும்.

அவரைக் காப்பாற்றியது கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்ன மெஸ். வெள்ளிக்கிழமை தோறும் டூல்ஸ் பெட்டியோடு அதன் பின்வாசலுக்குப் போவார். மெஸ் அக்கா ஏழு பேர் சாப்பாட்டைப் பெட்டிக்குள் அடுக்கித் தருவார்.

"ஏழு பேரா! குடுத்து வச்சவங்க அண்ணே. இந்தக் காலத்துல இவ்வளவு பெரிய குடும்பம் யாருக்கு இருக்கு?"

"கூட்டுக்குடும்பம்மா," என்பார் லிஃப்ட்காரர். அது ஒன்றுதான் அவர் அங்கே சொன்ன உண்மை.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த வீட்டில் ஒருவரும் பழைய தொழிலை விட்டபாடில்லை. ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோக்காரர் கேமராப் பெட்டியோடு அலைவார். ரிட்டயரான பல் டாக்டரம்மா மருந்துப் பை இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார். டீச்சரம்மாவோ இன்னும் பரீட்சைத்தாள் பையைத் தோளில் சுமந்தார். பாவம், விட மனசு வரவில்லை என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொள்வார்.

இப்போது வாசனைக்கு என்ன வழி? அவசரமாக ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போட்டார். அது பொன்னிறமாவதற்குப் பதிலாக நேராகக் கரிக்குப் போனது. புகை கதவிடுக்கு வழியாக ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ, தீப்பிடிச்சிருக்கு! கதவைத் திறங்க!" என்று போட்டோக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

சாப்பாட்டை அவசர அவசரமாகப் பாத்திரங்களுக்கு மாற்றிவிட்டுக் கதவைத் திறந்தார் லிஃப்ட்காரர்.

"ஒண்ணுமில்ல. முதல்ல ஒரு வெங்காயத்தைக் கருக விடணும். அதுதான் என் சமையல் ரகசியம்."

"அப்படியா!" என்று வாயைப் பிளந்தார் பல் டாக்டரம்மா.

மேஜையில் பாராட்டு மழை. "அடேயப்பா, அந்தக் கருகின வெங்காயம்தான் தூக்கிக் குடுக்குது!" என்று போட்டோக்காரர் மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டார். நன்றாக இல்லாமல் எப்படிப் போகும்? அந்த வீட்டில் எல்லோருமே பிரமாதமாகச் சமைத்தார்கள். யார் சமைத்தாலும் ஒரே கைப்பக்குவம். சேர்ந்து வாழ்ந்தால் கைகூட ஒன்றாகிவிடும் போலிருக்கிறது என்று அவர் வியந்ததுண்டு.

"முடிவு பண்ணிட்டேன்," என்றார் டீச்சரம்மா. "நம்மள மாதிரியே ஒரு வீடு கட்டணும்னு இருக்கறவங்க அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்க வராங்க. நீங்க சமைக்கறப்ப பக்கத்துல நின்னு பார்க்கட்டும்."

லிஃப்ட்காரர் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வலதுகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல் டாக்டரம்மாவுக்கு நெடுநாள் கழித்து ஒரு நோயாளி கிடைத்த சந்தோஷம். விரலில் ஆரம்பித்து முழங்கைவரை கட்டுப் போட்டுவிட்டார். அதற்குப்பிறகு அவரால் சட்டைப் பொத்தான்கூடப் போடமுடியவில்லை.

"கவலைப்படாதீங்க," என்றார் டீச்சரம்மா. "கைதானே போச்சு, வாய் இருக்கே! நீங்க உக்காந்து சொல்லுங்க. நாங்..."

வாக்கியம் பாதியில் நின்றது.

"எனக்கு வெங்காயம் உரிச்சா கண்ணு வீங்கிடும்," என்றார் போட்டோக்காரர்.

"எனக்கு அடுப்புச் சூடு ஆகவே ஆகாது," என்றார் பல் டாக்டரம்மா.

"நான் மேற்பார்வை பார்க்கலாம்னு சொல்ல வந்தேன்," என்று முடித்தார் டீச்சரம்மா.

இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவர்கள் இன்னொருத்தர் நாளில் கரண்டியைத் தொடக்கூட யோசிக்கிறார்களே, என்ன பெருந்தன்மை! லிஃப்ட்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில், "வேண்டாம், ஒத்தைக் கையாலயே நான் சமைச்சிடறேன். ஆனா கதவு சாத்தியிருக்கும். வரவங்க சாப்பிட்டுப் பார்க்கட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம், விருந்தாளிகளுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க மெஸ்ஸுக்குப் போனார். பின்வாசலில் மெஸ் அக்கா அண்டாக்களைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தோட கடையை மூடிட்டேன் அண்ணே."

"மூடிட்டியா? நாளைக்கு எனக்கு..."

"காலு ரெண்டும் ஓஞ்சு போச்சு. ஊருக்கே ஆக்கிப் போட்டாச்சு. இனிமே யாராச்சும் போட்டா உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான் ஆசை."

"ஒரே ஒரு நாள்மா! உன் காலைப் பிடிச்சு..."

"அந்தக் காலுதான் அண்ணே வலிக்குது."

வெறும் பெட்டியோடு வீடு திரும்பினார் லிஃப்ட்காரர். அன்று போட்டோக்காரரின் முறை. மேஜையில் ரொட்டியும் வாழைப்பழமும் இருந்தன.

"வயித்துக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கணும்னு தோணுச்சு," என்றார் போட்டோக்காரர், யாரையும் பார்க்காமல்.

ஆச்சரியம், ஒருவரும் குறை சொல்லவில்லை. பல் டாக்டரம்மா பழத்தை உரித்தபடி பெருமூச்சு விட்டார். டீச்சரம்மாவின் முகத்தில்கூட ஈயாடவில்லை. தன் பொய் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று லிஃப்ட்காரருக்கு உறுதியாகிவிட்டது. ஜன்னல் போச்சு, கதவு போச்சு, தாழ்ப்பாளும் போச்சு. போகிறதுதான் போகிறது, தானே சொல்லிவிட்டுப் போவது மரியாதை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."

"நானும்தான்," என்றார் போட்டோக்காரர்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. வீட்டின் சட்ட வேலைகளைப் பார்க்கும் வக்கீல், சிரித்த முகத்தோடு வந்து நின்றார். கடைசியாகக் காலியாக இருந்த அறைக்கு, காத்திருப்பவர்களில் முதலாவது ஆளைக் கூட்டிவரும் பொறுப்பு அவருடையது.

"புது ஆள் வந்தாச்சு! வேற வீடெல்லாம் பார்த்துப் பிடிக்கலன்னாங்க. இங்க நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பத்திச் சொன்னேன், உடனே மூட்டையைக் கட்டிட்டாங்க. உள்ள வாங்கம்மா!"

தோளில் ஒரு பையோடு, காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்தார் மெஸ் அக்கா. வாசலோரத்தில் வரிசையாக இருந்த டூல்ஸ் பெட்டியைப் பார்த்தார், கேமராப் பெட்டியைப் பார்த்தார், மருந்துப் பையையும் பரீட்சைத்தாள் பையையும் பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றி இருந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அட, என் வாடிக்கைக்காரங்க ஏழு பேரும் இங்கதான் இருக்கீங்களா! அப்போ இந்த வீட்டுல சமைக்கிறது யாரு?"