கடல் தண்ணீரில் கழுவிய கம்பளம்

மனித சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஈரத் தரைக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்று பார்க்க வேண்டும். காய்ந்த இடம் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும், ஈரமான இடத்தைத் தாண்டித்தான் ஊரில் அத்தனை பேருக்கும் அவசர வேலை இருக்கும். ஆகவே, நான் சொல்லப்போகும் விபரீதத்துக்கு நான் மட்டும்தான் காரணம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த புதுசு. என் வீட்டுக்காரர் சூசைக்கு ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் கயிறு கட்டும் வேலை. எனக்கு ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தினக்கூலிக்குத் துப்புரவு வேலை. கப்பல் டிக்கெட், ரேஷன் கார்டு, நிலப் பட்டா என்று எதற்கும் ஜனங்கள் அந்தக் கட்டடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வாசலிலிருந்து பெரிய அதிகாரியின் அறை வரைக்கும் கூடத்தின் நடுவே ஒரு நீளக் கம்பளம், ஓரமெல்லாம் ஆணி அடித்து விரித்திருந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்ததாம். அதன் நிறம் என்ன என்று கேட்டால் மண் நிறம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிப்பிகாட் வயல் சேறும், ஜெட்டி எண்ணெயும், வெற்றிலை எச்சிலும் சேர்ந்து கொடுத்த நிறம் அது.

தலைமைக் குமாஸ்தா ஒரு வங்காளி. பெரிய பாபு என்போம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஃபிலோமினா, தில்லி சே படா சாப் ஆ ரஹா ஹை. கார்பெட் ஏக்தம் சாஃப் ஹோனா சாஹியே." (டில்லியிலிருந்து பெரிய துரை வருகிறார், கம்பளம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.) காரியம் நன்றாக முடிந்தால் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்வதாகவும் சொன்னார். நிரந்தரம் என்றால் குவார்ட்டர்ஸ். ஷாதிபூரில் ஒற்றை அறையில் ஒழுகும் தகரத்துக்குக் கீழே படுத்திருந்தவளுக்கு அது போதாதா?

"ஏக் தின் ஹால் பந்த் கரோ பாபு. புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்" என்றேன். (ஒரு நாள் கூடத்தைச் சாத்தச் சொன்னேன். வாய்தான் எனக்கு முதல் சத்துரு.)

கப்பல் வரும் வாரம், ஒரு மணி நேரம்கூடக் கதவைச் சாத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

கதவு போகட்டும், தண்ணீருக்கு எங்கே போவது? கோடைக்காலம். ஊர்க் குழாயில் தண்ணீர் சொட்டுவதற்கே யோசித்தது. ஆனால் தீவில் தண்ணீருக்கா பஞ்சம், நாலு பக்கமும் கடல்தானே என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏட்டி, கடத்தண்ணி காயாதுட்டி. எங்க கப்பல் கயிறே நாள் பூரா நசநசன்னுதான கெடக்கு" என்றார்.

"கயிறு வேற, கம்பளம் வேற. ஒங்களுக்கு என்ன தெரியும்" என்றேன்.

மறுநாள் நானும் கூட வேலை செய்த தெலுங்குக்காரி அப்பலம்மாவும் வாளி வாளியாகக் கடலைத் தூக்கி வந்தோம். சலவைச் சோடாவைக் கொதிக்கவைத்து ஊற்றித் தேய்த்தோம். குறுக்கே கயிறு கட்டினால், அதைத் தூக்கிவிட்டுக் குனிந்து போனார்கள். ஒருவர் நட்ட நடு நுரையில் நின்றுகொண்டு டிக்கெட் கவுண்ட்டர் எங்கே என்று விசாரித்தார். இன்னொருவர் அக்குளில் வைத்திருந்த கோழி நழுவிச் சோடாத் தண்ணீரில் குளித்தது. அதைப் பிடிக்கப் பாதி வரிசை கம்பளத்தில் இறங்கியது.

எல்லாவற்றையும் மீறிச் சாயங்காலத்துக்குள் சேறு போயிற்று. அடியில் இருந்தது சிவப்பு. அப்படி ஒரு சிவப்பு. பெரிய பாபுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அன்றைக்கே குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் கம்பளம் காயவில்லை. வெயில் அடித்தது, காற்று அடித்தது. உப்பைக் குடித்த கம்பளம் காற்றிலிருந்த ஈரத்தையும் சேர்த்துக் குடித்தது. கருவாட்டு வாசம் வேறு.

பெரிய துரை வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. கம்பளத்தின் மேல் கம்பீரமாக நடந்து, அறைக்குள் போட்டிருந்த புது வெள்ளைப் பாயில் கால் வைத்தார். சிவப்பாக ஒரு தடம். அடுத்த காலுக்கு இன்னொன்று. பின்னால் வந்த அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் மனுக்களோடு வந்த ஜனங்கள் என்று கட்டடம் முழுக்கச் சிவப்புக் கால்கள், தெரு வரைக்கும். வெளியே யாரோ, உள்ளே வெட்டுக் குத்தா என்று கேட்டார்களாம்.

"மாஃபி மாங்கோ" என்று பாபு பல்லைக் கடித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நிரந்தரமும் குவார்ட்டர்ஸும் நங்கூரம் தூக்கிவிட்டது தெரிந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"நல் மே பானி நஹி, சாப். ஹால் பந்த் கரோ போலா, நஹி கியா. கலர் கச்சா ஹை. மேரா காம் பக்கா ஹை."

குழாயில் தண்ணீர் இல்லை, கூடத்தைச் சாத்தச் சொன்னேன், சாத்தவில்லை. சாயம்தான் மட்டம், என் வேலை பக்கா. இதைத்தான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். துரை தன் ஷூவைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பாபுவிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் என்னைச் சிமெண்டுத் தரை உள்ள வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிரந்தரமாவதற்குள் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். கம்பளத்தை அறுத்து எறிந்துவிட்டுக் கயிற்றுப் பாய் போட்டார்களாம். அதைவிட முக்கியமான செய்தியையும் அப்பலம்மாதான் சொன்னாள்: கூடத்தைக் கழுவும் நாளில் இப்போதெல்லாம் கதவைச் சாத்துகிறார்கள். யார் உத்தரவோ, எனக்குத் தெரியாது. என்னால்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

துரை வந்த அன்று வீட்டுக்குப் போனதும், "நான் அப்பவே சொன்னேம்லா" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார், பதிலுக்குச் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கணுக்கால் வரை சிவந்திருந்த என் கால்களை மட்டும் பார்த்தார்.

"மருதாணி நல்லாத்தாம்ட்டி பிடிச்சிருக்கு."

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாண மண்டபமோ ஹோட்டலோ, சிவப்புக் கம்பளம் கண்ணில் பட்டால் போதும், மகன், மகள், மருமக்கள் எல்லோரும் வரிசையாக நின்று செருப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடியில் எவ்வளவு அழுக்கு கிடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவேன்.