பிரிக்கக்கூடாத பொட்டலம்

விடிந்தும் விடியாததுமாக எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நிற்க இடமில்லை. நாமக்கல்லிலிருந்து வேன், ராசிபுரத்திலிருந்து பஸ். டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. வேறென்ன, பூவாக்குச் சித்தர் சின்னண்ணன் வருகிறார்! பெண் பார்க்க, போர் போட என்று எல்லாவற்றுக்கும் பூக்கேட்டுச் சொன்னவர், இன்று டயாலிசிஸுக்கும் சொல்லப்போகிறார். அறிவியல் எங்கேயோ போய்விட்டது, போங்கள்!

லாரி பாடி கட்டும் முதலாளிகள் சேர்ந்து ஊரில் ஓர் இலவச டயாலிசிஸ் மையம் திறந்திருந்தார்கள். அதில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். கேட்டவர்களோ பலர். "வெல்டர் குமரனுக்குத்தான் முதல்ல. கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுது. தள்ளிப்போட்டா ஆள் தாங்கமாட்டார்" என்று டாக்டர் ஷாலினி தெளிவாகச் சொல்லிவிட்டார். மையத்தின் தலைவர் தீனதயாளனுக்குத்தான் உதறல்.

"நாம முடிவு பண்ணுனா ஊர்ப்பகைங்க டாக்டரம்மா. பூ சொல்லிருச்சுன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

ஆளுக்கு இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் வீட்டைப் பார்க்கப் போகலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாதாம். அப்படியே ஜேடர்பாளையத்தில் காவிரியில் விட வேண்டுமாம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் இது!

வரிசையாக எல்லோருக்கும் சிவப்பு. கடைசியாக இருந்தவர் முட்டை வியாபாரி காளியண்ணன். அவருக்கு மாத்திரையே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இப்பவே எடம் புடிச்சு வெச்சுக்கலாம்னுங்க" என்று சிரித்தார், பஸ்ஸில் துண்டு போடுகிறவர் மாதிரி. அவருக்கு முன்னால் குமரனின் மனைவி கோகிலவாணி. குமரன் வெளியே வேனில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

அவள் எடுத்ததும் சிவப்பு. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவள் நகரவில்லை.

"ஏனுங்க, இது செவப்புன்னா அது வெள்ளையாத்தான இருக்கோணும்? பிரிங்க, பாத்துட்டுப் போயிர்றேன்."

"பிரிச்சா கண்ணு அவிஞ்சு போயிரும் சாமி!" என்று தடுத்தார் சித்தர்.

"எங்கூட்டுக்காரருக்கு உசுரே போகுதுங்க. கண்ணு போனாப் போகட்டும்."

வெடுக்கென்று எடுத்துப் பிரித்தாள். அதுவும் சிவப்பு!

சித்தர் அசரவில்லை. "பாவம் செஞ்ச கை பட்டா வெள்ளையும் செவந்துரும்!" என்று உறுமினார். கூட்டமும் "ஆமாங்க, ஆமாங்க" என்றது. அட, கூட்டமே!

கோகிலவாணி காளியண்ணனுக்காகத் தட்டில் தயாராக இருந்த இரண்டு பொட்டலங்களையும் அள்ளினாள். எல்லோர் கண்முன்னாலும் பிரித்தாள். இரண்டும் வெள்ளை.

"இதையும் இதே கையிலதானுங்க பிரிச்சேன். இது மட்டும் ஏனுங்க செவக்கல?"

முதலில் கத்தியது காளியண்ணன்தான்.

"யோவ், அப்ப உனக்கு நாங் குடுத்த நெய் டின்னத் திருப்பிக் குடுய்யா!"

அவ்வளவுதான். சித்தர் பையைக்கூட எடுக்காமல் பின்கதவு வழியாக ஓட்டம் பிடித்தார். குமரனைத் தூக்கிக்கொண்டு போய் மையத்தின் படுக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். தீனதயாளன் தலை நிமிரவில்லை.

"இனிமேல் யாருக்கு முதல்ல, ஏன் முதல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. கோபப்படறவங்க கேள்வி கேக்கட்டும், பதில் சொல்லலாம்" என்றார் ஷாலினி.

கேட்டுக்கொண்டீர்களா, மக்களே? யாருக்கு முதலில் என்று தெரிய வேண்டுமானால், மூச்சு வாங்குகிறவனைப் பாருங்கள். அரளிப் பூவுக்கு மூச்சும் வாங்காது, மூளையும் கிடையாது. உங்களுக்கு இருக்கிறதல்லவா?