கப்பிக்கு ஏது மனசு

அன்பும் மரியாதையும் கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்றால், நான் லிஃப்டில் ஏறி நலமாக நான்காம் மாடிக்கு வருகிறேன், அவள் படியேறி நலமாக வருகிறாள். இன்றோடு பத்தொன்பது நாள். சென்ற முறை நீங்கள் வந்திருந்தபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்க உங்கள் தோளைப் பிடித்தாளே, அதே முழங்காலோடுதான் ஏறுகிறாள். அங்கே நீங்களும் பெண்ணும் குழந்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பெண்ணிடம் காட்ட வேண்டாம். அவள் படித்தால் அம்மா பக்கம் சேர்ந்துவிடுவாள். நீங்கள் வக்கீல், சட்டத்தின் பக்கம் நிற்பீர்கள் என்று ஒரு நப்பாசை. வக்கீல் மாப்பிள்ளை வந்து ஒன்பது வருடமாகியும் உங்களிடம் நான் ஒரு வார்த்தை சட்டம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தான் எழுதி ஒட்டிய காகிதத்தைத் தானே கிழிக்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டா, இல்லையா? ஏன் கேட்கிறேன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லிஃப்டுக்குள் ஒரு பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வராத நாள், வெள்ளையடிக்கும் நாள் எல்லாம் அதில்தான் ஒட்டுவோம். பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதைவிடப் பலகையைப் பார்ப்பது மேல் என்பதால் ஏறுகிற அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். இரண்டு மாதம் முன்பு இரண்டாம் மாடித் தையல்காரர் அதில், "சிலர் செருப்பைத் துடைக்காமல் ஏறுகிறார்கள்" என்று எழுதி ஒட்டினார். அவ்வளவுதான், அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பேர் சங்கச் செயலாளனாகிய என்னிடம் வந்து, அந்தச் சிலர் என்றது தன்னைத்தான் என்று ஆளுக்கு ஆள் சண்டை போட்டார்கள். ஒருவர்கூட மற்ற ஆறு பேருக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தரைத்தளத்துப் பல் டாக்டர், எங்கள் சங்கத் தலைவர், லிஃப்டில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லாதவர், அவரும் வந்தார்.

கூட்டம் போட்டோம். டாக்டர் எழுந்து, "யார் என்ன வேணா எழுதி ஒட்டிடறதா? மனுஷனுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். கயிறு தேஞ்சிருக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி கட்டடத்துக்காரர் மனசு நோகுமேன்னு நான் யோசிச்சிருந்தா எத்தனை பேர் கீழே விழுந்திருப்பாங்க? உள்ளதை உள்ளபடி சொல்ல உரிமை வேணும்!" என்றேன். கைதட்டல். டாக்டர் விடவில்லை. "நானும் உள்ளதைச் சொல்றவன்தான். சொத்தைன்னா சொத்தைன்னுதான் சொல்றேன். ஆனா பிடுங்கறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போடறேனா இல்லையா?" அதற்கும் கைதட்டல், அதே கைகள். கடைசியில் இரண்டு தீர்மானம் நிறைவேறியது. பலகையில் யாரும் எதையும் ஒட்டலாம், ஒட்டியதை யாரும் கிழிக்கக் கூடாது என்பது என்னுடையது. யார் மனமும் புண்படும் எதுவும் பலகையில் தெரியக் கூடாது என்பது டாக்டருடையது. இரண்டையும் ஒருவர் விடாமல் எல்லோரும் ஆதரித்தார்கள். இரண்டையும் நடைமுறைப்படுத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். போகிற போக்கில் தையல்காரர், "ஒட்டினவரே மனசு மாறிக் கிழிச்சா?" என்று கேட்டார். "கூடவே கூடாது. சொன்ன சொல்லுல நிக்காதவனுக்குப் பேச்சுரிமை எதுக்கு?" என்று அதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அப்போதே டாக்டர் என் வாய்க்கு ஒரு ஊசி போட்டிருக்கலாம்.

ஒட்டியது கிழியவும் கூடாது, தெரியவும் கூடாது. யோசித்து யோசித்து, பலகைக்கு ஒரு திரை போட்டேன். தையல்காரர் தைத்துக் கொடுத்தார், கருநீலத் துணி. "மனம் புண்பட்டோர் படிவம்" என்று ஒன்று தயாரித்து, பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பெயர், வீட்டு எண், புண்படுத்திய சொல், புண்ணின் அளவு (சிறிது, நடுத்தரம், ஆழம்). யாராவது நிரப்பிக் கொடுத்தால் அந்தக் காகிதம் திரைக்குப் பின்னே போகும். முதல் வாரமே முதல் மாடிக்காரர் தன் நாய் சார்பில் ஒரு படிவம் கொடுத்தார், நாய்க்கு வாய் பேச வராது என்பது காரணமாம். "பேச முடியாமத்தான் ராத்திரி பகலாக் குரைக்குதா?" என்று தையல்காரர் கேட்டு, அதற்குத் தனிப் படிவம் வந்து, கடைசியில் பிறர் சார்பில் படிவம் ஏற்கப்படாது என்று ஒரு விதி சேர்த்தேன். திரையின் மேல், "உள்ளே புண்படுத்தும் கருத்துகள் உள்ளன, விருப்பமுள்ளவர்கள் மட்டும் விலக்கவும்" என்றும் எழுதி வைத்தேன். மாப்பிள்ளை, அதற்குப் பிறகு லிஃப்டுக்கு ஓய்வே இல்லை. ஒருவர் விடாமல் திரையை விலக்கிப் படித்தார்கள். டாக்டர் ஒரு நாளைக்கு நாலு தரம் மேலே போய்ப் புண்பட்டுவிட்டுக் கீழே வந்தார்.

இப்படியிருக்க, காலை ஆறிலிருந்து ஆறரைக்குள் லிஃப்ட் பக்கம் ஏதோ ஓசை வருகிறது, தாங்க முடியவில்லை என்று புகார் வந்தது. என் தொழிலாயிற்றே! என் காலை நடையைத் தியாகம் செய்துவிட்டு மூன்று நாள் தரைத்தளத்தில் லிஃப்ட் கதவில் காதை வைத்து நின்றேன். பழைய பழக்கத்தில் அறிக்கையும் எழுதி ஒட்டினேன். அதை அப்படியே தருகிறேன்: "ஓசையின் தன்மை: எண்ணெய் காணாத கயிற்றுக் கப்பி. மூலம்: கட்டடத்தின் உச்சி. காரணம்: வயதும் தேய்மானமும். முப்பத்தோராண்டு அனுபவத்தில் இவ்வளவு கர்ணகடூரமான ஓசையைக் கேட்டதில்லை. உடனே நிறுத்தப்பட வேண்டும்." மெக்கானிக்குக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க தைரியம் யாருக்கும் வராது சார்" என்கிறார். கப்பியைத் திட்ட என்ன தைரியம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர் என்னை வழிமறித்தாள்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? கட்டின பொண்டாட்டியப் போயி..."

"யாரைச் சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ரெண்டு மாசமா எங்கிட்டப் பாட்டு கத்துக்கறாங்க. நீங்க வாக்கிங் போற நேரமாப் பாத்து, ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் குளியலறையில நின்னு பாடிப் பாக்கறாங்க. அந்தச் சுவரும் லிஃப்ட் சுவரும் ஒண்ணுதானே. சின்ன வயசுலேர்ந்து ஆசையாம். சார்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா உக்காந்து அறிக்கை எழுதுவாருன்னாங்க."

முப்பத்தோரு வருடம் கூட வந்த காது கப்பி என்கிறது. பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் என் மனைவி என்கிறாள். வயது, தேய்மானம், கட்டடத்தின் உச்சி என்று நான் எழுதியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், நாங்கள்தானே மேல்மாடி. முதலில் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன். "கப்பி சத்தம்னீங்களே சார்?" என்றான். "அது வீட்டு விஷயம்ப்பா" என்று வைத்துவிட்டேன். பிறகு மெதுவாக வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீன்னு தெரியாது. சத்தியமா தெரியாது. போய்க் கிழிச்சிடறேன்."

"எப்படிக் கிழிப்பீங்க? ஒட்டினவரே கிழிக்கக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"அப்போ நீ ஒரு படிவம் குடுத்துடு. திரை போட்டு மூடிடலாம்."

"மனசு புண்பட்டவங்கதானே படிவம் குடுக்கணும்? எனக்கென்ன புண்ணு? கப்பிக்கு ஏது மனசு?"

அதோடு சரி. அழவில்லை, கத்தவில்லை, சாப்பாட்டில் உப்பைக்கூடக் கூட்டவில்லை. அந்தக் காகிதத்தோடு ஒரே பெட்டிக்குள் நிற்க மாட்டேன் என்று மட்டும் படியேற ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறாள். அவளுக்காகத் தையல்காரர் இரண்டாம் மாடியில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார். டாக்டர் முழங்கால் உறை ஒன்று வாங்கிக் கொடுத்து, என்னைப் பார்த்து, "உரிமைன்னா உரிமைதான் சார், நாங்க ஒண்ணும் சொல்லல" என்கிறார். பதினொரு பேர் அவள் சார்பில் படிவம் கொடுத்தார்கள். நாய் விவகாரத்தில் நான் போட்ட விதிப்படி பதினொன்றையும் நானே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. விதியை மாற்றலாமென்றால் கூட்டம் போட வேண்டும். கூட்டம் போட்டால் கப்பி, மனைவி என்று இரண்டையும் சேர்த்து நூறு பேர் முன்னால் பேச வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளின் குரலை இயந்திரம் என்று எழுதினேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரே ஆறுதல், அவள் பாட்டை மட்டும் விடவில்லை. அந்த உறுதியை மெச்ச வேண்டும். தினமும் ஆறு மணிக்கு வாக்கிங் போவதுபோல் கீழே போய், லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன். கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. நேற்று ஒரு இடத்தில் இழுத்து நிறுத்தினாள் பாருங்கள், என் கண்ணே கலங்கிவிட்டது. நல்ல முன்னேற்றம் தெரிகிறது. கிழிக்கலாம் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி வந்தால் போதும், வக்கீல் சொன்னார் என்று அடுத்த நிமிடம் கிழித்துவிட்டு, அவளை லிஃப்டில் ஏற்றி, நன்றாகப் பாடுகிறாய் என்று நேரிலேயே சொல்லிவிடுவேன்.

உங்கள் வழக்குகள் எல்லாம் ஜெயமாகட்டும், குழந்தைக்குப் பல் வலியில்லாமல் முளைக்கட்டும், எல்லோரும் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே ஒரு அலறல் அலறிவிட்டு லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நானும் என் அறிக்கையும் மட்டும். நான் கத்தியது கேட்டு, படியேறி வந்துகொண்டிருந்த உங்கள் அத்தை மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். பத்தொன்பது நாளில் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை. ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் உச்சியிலிருந்து கத்தினான். "கப்பி சார்! எண்ணெயே இல்ல! ஒரு மாசமா உயிர் போற மாதிரி கத்தியிருக்குமே, யாருக்குமா கேக்கல?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "கேட்டியா? நான் எழுதினது உன்னை இல்ல, கப்பியைத்தான்! கப்பியேதான்! காலையில கேக்கற சத்தமும் கப்பிதான்!" என்று உள்ளேயிருந்து குதித்தேன். லிஃப்ட் ஆடியது.

வெளியேயிருந்து, "காலையில நின்னு கேட்டீங்களா?" என்றாள்.

"தினமும்! நீதான் பாடறேன்னு நெனச்சு, ரசிச்சுக் கேட்டேன்."

"நான் பாட்டை விட்டுப் பத்தொன்பது நாளாச்சு."

நான் குதிப்பதை நிறுத்தினேன் மாப்பிள்ளை.

"பாடினப்போ உங்க காதுல விழல. நிறுத்தினதும் தெரியல. திட்டினாலும் கேட்டுட்டுத்தானே திட்டினாருன்னு இத்தனை நாளா மனசைத் தேத்திட்டிருந்தேன்" என்றாள். அப்புறம், "அந்தப் படிவம் உள்ளதானே தொங்குது? ஒண்ணைக் கதவிடுக்கு வழியாத் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். அவள் எழுதித் திருப்பித் தள்ளினாள். பெயர், வீட்டு எண் எல்லாம் சரியாக இருந்தது. புண்ணின் அளவு, ஆழம். புண்படுத்திய சொல் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

அதனால் என் சட்டக் கேள்வியை மறந்துவிடுங்கள். பெண்ணிடம் காட்ட வேண்டாம் என்றதையும் வாபஸ் வாங்குகிறேன், அவளிடமே கொடுத்து, இன்றே அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். நாளைக் காலை நான் வாக்கிங் போகப்போவதில்லை. குளியலறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். அவள் பாடுவாளா என்று தெரியவில்லை. லிஃப்ட் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது.