பொட்டு வைத்த ராக்கர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை மாற்றச் சொன்னால் மட்டும், பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல முகம் சுளிப்பார்கள். பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள், நான் நம்பமாட்டேன். எங்கள் தெருவில் அது தீனதயாளன், என் தம்பி மகன்.

கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். மலை ஏறும்போது பஸ்ஸை முந்தவேண்டும் என்று ஒரு வெறி. அதற்காக இன்ஜினை இறக்கி, சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி, பிஸ்டன் புதிது, கேம்ஷாஃப்ட் புதிது, வால்வை மூடுகிற ஸ்பிரிங்கூட இறுக்கமான புது ஸ்பிரிங் என்று எல்லாம் வாங்கிவிட்டு, ராக்கரிடம் வந்து நின்றுவிட்டான். ராக்கர் என்றால் வேறொன்றுமில்லை, வால்வை மிதித்துத் திறக்கிற குட்டி இரும்புக் கை, வால்வுக்கு ஒன்று. தேயாமல் இருக்க அதன் நுனியில் ஓர் உருளை. எந்தக் காலத்திலோ யாருடைய பந்தய வண்டியிலிருந்தோ கழற்றியதை வாங்கி மாட்டியிருந்தான். இப்போதும் அதையே திரும்ப மாட்டவேண்டுமாம்.

மெக்கானிக் ரபீக் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணே, புது மாப்ளைக்குத் தாத்தாவோட பல்செட்டை மாட்டச் சொல்றியா? ஸ்பிரிங்கு இறுக்கம் ஜாஸ்தி. இது தாங்காது."

"காதாண்ட வச்சு சுத்திப் பாருடா. சத்தம் கேக்குதா?"

"உள்ள தேஞ்சிருந்தா எப்டிண்ணே கேக்கும்?"

"டேய், ஆயுத பூஜையில சந்தனம் பூசிப் பொட்டு வச்ச சாமான்டா. அதைப் போயி காயலாங்கடையில போடச் சொல்றியே!"

இந்த வகையின் பரிசோதனையே இப்படித்தான். முதலில் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டு, பிறகு காதருகே சுழற்று, பிறகு வெயிலில் தூக்கிப் பார். எதுவும் எடுபடவில்லையென்றால் சாமியை இழு. சாமி வந்த பிறகு மெக்கானிக் என்ன பேசுவான்? டீ சொல்லிவிட்டு மாட்டிவிட்டான். அவன் மட்டும் யோக்கியனா?

மறுவாரமே தீனதயாளன் மகள் ராதிகாவுக்கு வெள்ளிமலையில் நர்ஸ் வேலை. முதல் நாள் பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, "அப்பன் வண்டி இருக்கச்சொல்ல பஸ்ஸா?" என்று ஜீப்பில் ஏற்றினான். துணைக்கு நானும் ஏறினேன்.

கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பஸ்ஸை முந்தினான். முந்திய சந்தோஷம் ஒரு வளைவுகூட நிற்கவில்லை. டக் டக்கென்று ஒரு தட்டல், ஓர் உலுக்கல், வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு ராக்கரின் உருளை பொடியாகிக் கிடக்கிறது.

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. இன்னிக்குன்னு பாத்து ஒடஞ்சிருக்குது."

"ஒடையப் போறதைத்தானடா தேடி மாட்டின!"

"இரும்மா ராதிகா, இந்த ஒண்ணைக் கழட்டிட்டு மீதியில மெதுவா ஓட்டிக்கினு போயிடலாம்."

ராதிகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "நீ ராக்கரைக் கும்புட்டுக்கினு இருப்பா. எனக்கோசரம் அங்க யாரும் காத்துக்கினு இருக்கமாட்டாங்க."

பின்னால் பஸ் வந்தது. "இன்னாண்ணே, ஜீப்புக்கு மூச்சு வாங்குதா?" என்று கண்டக்டர் கேட்டார். ராதிகா ஏறிவிட்டாள், பத்துக்கு முன்னால் கையெழுத்தும் போட்டுவிட்டாள். நானும் அவளோடு ஏறியிருக்கலாம். ஆனால் இவனைத் தனியே விட்டால் உடைந்ததையும் ஒட்டி மாட்டிவிடுவான் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் மறைந்ததும் என்ன செய்தான் தெரியுமா? மிச்ச ராக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதுல ஒண்ணுகூட சோடையில்ல அத்தை. அடுத்த வண்டிக்கு ஆவும்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். தளர்ந்துபோன குக்கர் ரப்பர் அங்கே குளிரில் இறுகிக்கொண்டிருக்கும், நாளைக்கு மறுபடி மாட்டுவதற்காக. மாட்டி அடுப்பில் ஏற்றிய பிறகு, கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.