இரண்டாம் மதிப்பீட்டாளரை மாற்றக் கோரி

காட்டியல் ஆய்விதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் ஆசிரியர் குழுவினரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குழுவில் பதினாறு பேர் என்று உள்ளட்டையில் பார்த்தேன். பதினாறு பேரும் நலமாக இருக்கட்டும். நானும் என் வீட்டுக்காரியும் இங்கே சௌக்கியம். அவளுடைய முழங்காலையும் என் இடது கை ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நான் தையல்காரன். நாற்பத்தோரு வருடமாக ஒரே கடை, ஒரே மெஷின். ‘ஒற்றை மரத்தின் சுற்றளவு வளர்ச்சி: இருபது ஆண்டு அளவீடு’ என்ற கட்டுரையைத் தங்களுக்கு அனுப்பியவன் நான்தான். ‘பெரிய திருத்தம் தேவை’ என்று தங்கள் பதில் வந்தது. கூடவே இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளும் வந்தன. அவர்கள் பெயரை என்னிடம் சொல்ல மாட்டீர்களாம், என் பெயரை அவர்களிடம் சொல்ல மாட்டீர்களாம். நல்ல ஏற்பாடு, நேரில் பார்த்தால் சண்டை வரும். முதலாமவர் மூன்று குறை சொல்லியிருக்கிறார், அவரைப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாமவர் பதினொரு கேள்வி கேட்டிருக்கிறார். அவரை மாற்றித் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் இதழ் ஒரு தையல்காரன் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள். காட்டு ஆய்வு நிலையத்தில் வேலை. பக்கத்துக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவளுக்குக் கிடைத்திருந்தது. நடந்தே போகலாம், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போகிறேன் என்றாள். கடையில் நாலு பேர் துணியோடு நிற்கிறார்கள், அவர்கள் எதிரிலேயே “மரத்தை எண்ணறதுக்கா இவ்வளவு படிச்ச?” என்று கேட்டுவிட்டேன். அவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். தங்கள் இதழின் ஆய்வு எல்லைக்குள் அது வராது. போகிறவள் போ என்று கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தேன், கொஞ்சம் சத்தமாக. நாலு வருஷம் ஆகிறது சார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் வருகிறது. நான் பக்கத்திலேயே காஜா போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்காரி எனக்குச் சொல்வது இரண்டே வார்த்தை: “நல்லா இருக்கா.” கட்டுரைச் சுருக்கம் எழுத ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், இவளை அனுப்பிவைக்கிறேன்.

அவள் எழுதுவது தங்கள் இதழில் வருகிறது என்று தெரிந்ததும் சந்தா கட்டினேன். இரண்டாம் பக்கத்தில் இதழின் ஆய்வு எல்லையைப் போட்டிருக்கிறீர்கள்: மரங்களின் வளர்ச்சி, காட்டு மண், நீர், தீ, பூச்சிகள், காட்டை நம்பி வாழ்வோர். காட்டுக்குப் போனவளை நம்பி வாழ்வோர் எந்தத் தலைப்பில் வருவார்கள் என்று தேடிப் பார்த்தேன், இல்லை. இருந்தாலும் நான் விடவில்லை. ‘மழையால் அளவீடு மூன்று வாரம் தடைப்பட்டது’ என்று அவள் எழுதியிருந்தால், மழை என்ன மூன்று வாரமா பெய்தது, இல்லை காய்ச்சலில் படுத்துவிட்டாளா என்று எனக்குச் சோறு இறங்காது. ‘மேட்டுப் பகுதியில் இரண்டு மரங்களை அளக்க இயலவில்லை’ என்றால் ஏன் இயலவில்லை, வழுக்கி விழுந்தாளா, அதை எழுதினால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் நன்றி சொல்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் முதலில் படிப்பேன். ஆய்வு நிலையத்துக்கு நன்றி, களப் பணியாளர்களுக்கு நன்றி, ஜீப் டிரைவருக்கு நன்றி, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்குக்கூட நன்றி. ஐந்து கட்டுரை வந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். அப்பா என்று ஒருவரும் இல்லை.

இதழின் தாக்கம் இரண்டு புள்ளி ஒன்று என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அது என்ன கணக்கு என்று விசாரித்தேன். ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை எடுத்துச் சொல்கிறார்கள் என்பதாம். அப்படியானால் தங்கள் கணக்கு தப்பு. அவளுடைய கட்டுரையை நான் ஒருவனே ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துச் சொல்கிறேன். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெரிய மனிதரைக் கையைத் தூக்க வைத்துவிட்டு, மண்ணில் கரிமம் சேர்வதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தூக்கிய கையோடு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எதிர்க்கடை பஞ்சர்க்காரர் என்னைக் கண்டாலே டியூபைத் தண்ணீரில் முக்கிக் குனிந்துகொள்கிறார். “அண்ணே, கரையானைப் பத்தி நேத்தே சொல்லிட்டீங்க” என்கிறார். இதையெல்லாம் சேர்த்தால் தாக்கம் எங்கேயோ போய் நிற்கும்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். என் கடை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மகளுக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடைக்கு அளவெடுத்தேன். அப்போது குச்சி மாதிரி இருந்த அந்த மரத்துக்கும் அளவெடுத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தாள். எடுத்தேன். கடை அளவு நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன். ‘பெயர்: தூங்குமூஞ்சி. மார்பு: ஒன்பது அங்குலம். டெலிவரி தேதி: இல்லை.’ அதிலிருந்து வருஷா வருஷம் அதே சமயத்தில் அவளுக்கு ஒரு அளவு, மரத்துக்கு ஒரு அளவு. சீருடை போட்டுத் தீர்ந்து, காலேஜுக்குப் போய், பட்டம் மேல் பட்டம் வாங்கிய பிறகும் விடவில்லை. மரம் பெருத்து, ஒரு டேப் பத்தாமல் இரண்டு டேப்பை ஊக்குப் போட்டு இணைத்து, அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் சுற்றி வருவேன். இருபது வருஷ அளவு. அதைத்தான் நோட்டுப் பக்கங்களின் நகலோடு கட்டுரையாக அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன் சார். அது அச்சானால் ஒரே அட்டைக்குள் அவளும் இருப்பாள், நானும் இருப்பேன். அவள் தன் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது என் பக்கம் கண்ணில் படாமலா போகும்? அதற்கு மேல் எனக்கு எந்த விஞ்ஞான ஆசையும் கிடையாது.

முதல் மதிப்பீட்டாளர், ஒரே ஒரு மரத்தைப் பற்றிய ஆய்வு இதழின் எல்லைக்குள் வருமா என்கிறார். வீட்டில் ஒரே ஒரு பெண்ணை வைத்திருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்து, தரையிலிருந்து நாலேகால் அடி, அதாவது மார்பளவு உயரத்தில்தான் அளக்க வேண்டும், முதல் எட்டு வருடம் அளந்த உயரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறதே என்கிறார். மார்பளவு உயரம் என்றால் யாருடைய மார்பளவு? அவளுடையதுதான். அவள் வளர்ந்தாள், அளவும் ஏறியது. வளர்கிற பிள்ளையைத் தலையில் தட்டி நிற்கவைக்க முடியுமா? மூன்றாவது குறை, கடைசி நாலு வருஷத்து அளவு இல்லையாம். இப்போதாவது ஒரு அளவு எடுத்துச் சேர்க்க வேண்டுமாம்.

இதில்தான் என் மானம் போனது. டேப்பின் ஒரு முனையைப் பசை டேப்பால் மரத்தில் ஒட்டிவிட்டு மறுமுனையோடு சுற்றி வந்தேன். வருவதற்குள் ஒட்டிய முனையை ஆடு மென்றுகொண்டிருந்தது, பதினான்கு அங்குலம் போச்சு. பஞ்சர்க்காரரைப் பிடிக்கச் சொன்னேன். அவர் கை மசியில் எண்களெல்லாம் மறைந்து, டேப்பில் எந்த முனை எதுவென்று தெரியாமல் ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் மரத்தைச் சுற்றுவதைப் பார்த்த யாரோ, மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று தெருவுக்கே சொல்லிவிட, அரை மணி நேரத்தில் வெட்டக்கூடாது என்று ஒரு கூட்டமும், வெட்டினால் தடித்த கிளை எனக்கு என்று ஒரு கூட்டமும் வந்து நின்றன. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். “பிடிக்க வேண்டியவளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. எனக்கு முட்டி வலி” என்று உள்ளே போய்விட்டாள். கடைசியில் ஆள் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, மரத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கையாலும் டேப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கை எட்டவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். தையல்காரர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று அன்றைக்குச் சாயங்காலமே பேச்சு. நான் அழவில்லை சார். மரப்பட்டைத் தூசி கண்ணில் விழுந்தது.

இவ்வளவு பட்டவனிடம் இரண்டாமவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அளந்தவர் கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்பது மூன்றாவது கேள்வி. மதியம் சாப்பிட்டுவிட்டு அளந்தாரா, சாப்பிடாமல் வெயிலில் நின்றாரா என்பது ஐந்தாவது கேள்வி. இது மரத்தைப் பற்றிய ஆய்வா, என்னைப் பற்றிய ஆய்வா? ஏழாவது கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: ‘அளந்தவர் டேப்புக்கு அடியில் இடது கை விரல் இரண்டை வைத்து, மரம் மூச்சு விட இடம் விட்டு அளந்தாரா, இறுக்கிப் பிடித்து அளந்தாரா? விரல் வைத்திருந்தால் ஆள்காட்டி விரலின் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது?’ இரண்டு விரல் விட்டு அளப்பது என் தொழில் வழக்கம், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஊசி ஏறிய விரலைப் பற்றியும் கிடையாது. தங்கள் அலுவலகத்தில் யாரோ தையல்காரர் இருக்கிறார், தொழில் போட்டியில் கேட்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். பதினொன்றாவது கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே: ‘கடைசி நான்கு ஆண்டு அளவு ஏன் இல்லை? அளந்தவரால் முடியவில்லையா, அவருக்கு மனம் இல்லையா?’ மனம் இல்லையா என்று என்னைக் கேட்க இவர் யார்? ஆகவே இவரை நீக்கிவிட்டு, மரத்தைப் பற்றி மட்டும் கேட்கிற ஒருவரைப் போட்டு, கட்டுரையை அடுத்த இதழிலேயே ஏற்றுக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

குழுவினர் பதினாறு பேருக்கும் என் வணக்கம். இதழ் வளர்ந்து, தாக்கம் மூன்றைத் தொட மனமார வாழ்த்துகிறேன். தங்களுக்கு மகள் இருந்தால் அவளுக்கு என் ஆசி. இன்றைக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
தூங்குமூஞ்சி மரத்தடித் தையல்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். ஏழாவது கேள்வி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். திரும்பப் படிக்கச் சொன்னாள், படித்தேன். “என்னங்க, இது யார் பேசற பேச்சுன்னு இன்னுமா தெரியல உங்களுக்கு?” என்றாள். எழுத மாட்டேன் என்று மேலே சொன்னேனே, அதை இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கடையில் நாலு பேர் எதிரில் மகள் சொன்னது இதுதான்: “எல்லாருக்கும் மூச்சு விட ரெண்டு விரல் விட்டு அளக்கறீங்க. என்னை மட்டும் ஏம்ப்பா இறுக்கிப் பிடிக்கிறீங்க?”

ஐயா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இரண்டாமவரைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். உறவினர் கட்டுரையை உறவினர் மதிப்பிடக் கூடாது என்று தங்கள் விதியில் இருக்கிறது, படித்தேன். நாலு வருஷம் பேசாதவர்கள் அந்த விதிக்குள் வர மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அவசரமே இல்லை. இன்னும் எத்தனை கேள்வி இருந்தாலும் கேட்கச் சொல்லுங்கள், நூறு தடவை திருத்தி அனுப்புகிறேன். இந்தத் தடவைக்கான பதில்களை மட்டும் அவரிடம் சேர்த்துவிடுங்கள். மூன்றுக்கு: கண்ணாடி மாற்றவில்லை, மாற்றிவிடுகிறேன். ஐந்துக்கு: சாப்பிட்டுவிட்டுத்தான் அளந்தேன், அவரும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஏழுக்கு: வீக்கம் குறைந்திருக்கிறது. மரத்துக்கு இரண்டு விரல் விட்டேன், விட வேண்டிய இன்னொரு இடத்தில் விடவில்லை, தப்பு என்னுடையது. பதினொன்றுக்கு: மனம் எப்போதும் இருக்கிறது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. மரம் இங்கேயேதான் நிற்கிறது, நானும் இங்கேயேதான் இருக்கிறேன். எப்போது வந்து பிடித்தாலும் அளந்துவிடலாம்.