பன்னிரண்டாவது அசைவு

பதினோரு அசைவு வரை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாவதில்தான் வில்லங்கம். அதில் வகுப்பே அப்படியே பின்பக்கம் திரும்பும். திரும்பியதும் அவர் தலைக்குள் இருந்ததெல்லாம் சுத்தமாகக் காலியாகிவிடும்.

மெல்ல மெல்லக் கைகாலை அசைக்கும் சீனப் பயிற்சியான தாய்ச்சியில் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தேறாதவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பரண்ல கிட்டார் தூங்குது. ஓடுற மெஷின்ல துணி காயுது. இது எத்தனை நாளைக்கோ?" என்றாள் மனைவி.

"இதை விட்டேன்னா இனிமே எதையும் தொட மாட்டேன்!"

"எழுதிக் குடுங்க."

ரோஷக்காரர். எழுதியே கொடுத்துவிட்டார்.

திங்களன்று, முன்னால் நிற்பவர்களைப் பார்த்துச் செய்யலாமென்று கடைசி வரிசைக்குப் போனார். வகுப்பு திரும்பியது. கடைசி வரிசை முதல் வரிசையானது. எதிரே வெறும் சுவர். ஒட்டடை அடிப்பதுபோல் கையை வீசிச் சமாளித்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்களேன்."

"என்னைப் பாக்காதீங்க. அசைவு உள்ளேருந்து வரணும்."

உள்ளே ஒன்றுமே இல்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

செவ்வாயிலிருந்து எல்லாருக்கும் முந்தி வந்து முதல் வரிசையைப் பிடித்தார். திரும்பினால் கடைசி வரிசை, கவலை இல்லை. ஆனால் தினமும் முதல் ஆளாக வந்தது மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டது.

"இவ்வளவு ஆர்வமான ஆளா! பரீட்சையில நீங்க கடைசி வரிசை நடுவுல நில்லுங்க. திரும்பினதும் எல்லாரும் இவரைப் பாத்துத்தான் செய்யணும்."

மனிதர் வாசல் பக்கம் பார்த்தார். ஆனாலும் ஓடிப்போகவில்லை. எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறதே!

ஞாயிறு வந்தது. திரும்பினார். தலை காலி. வருவது வரட்டுமென்று, இருபது வருடமாகத் தினமும் செய்கிற ஒன்றைச் செய்தார். இரண்டு கையையும் உயர்த்திக் கடை ஷட்டரை மெல்ல இறக்கினார். குனிந்து பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தால், இருபது பேரும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் உட்பட.

"பிரமாதம்! தேறிட்டீங்க!" என்றார் மாஸ்டர்.

சான்றிதழைப் பொய் சொல்லி வாங்க மனசு ஒப்பவில்லை. மேஜைக்குப் போனார்.

"மாஸ்டர், அது தாய்ச்சியே இல்லை. கடை ஷட்டரைத்தான் பூட்டினேன். நான் மறுபடி முதல்லேருந்து படிக்கிறேன்."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அட, விடுங்க. இத்தனை வருஷமா பன்னிரண்டாவதுன்னு நாங்க செஞ்சிட்டிருந்தது மட்டும் என்னவாம்? உங்களுக்கு முந்தி அந்த இடத்துல நின்ன பேக்கரிக்காரர் மாவு பிசைஞ்சதுதான்."