மெக்கானிக் சிரிப்படக்கிய படலம்

வாழி! பன்மாடிக் கோபுரங்களின் நடுவே பாதி வழியில் மூச்சடங்கி நின்ற பெட்டிகளுக்கு உயிரளித்து, உள்ளே சிக்கி வியர்த்தோரை வெளியே விட்டருளும் திருக்கரத்தான். கிரீஸ் மணக்கும் மார்பினன். மாடி எதுவென்று பிறர் சொல்லி முடிக்குமுன் பொத்தானை அமுக்கிவிடும் அவசர விரலோன். அடுத்த தெருவின் நாய்களையும் எழுப்பிவிடும் பெருஞ்சிரிப்புக்கு உரியோன். நம் லிஃப்ட் மெக்கானிக் வாழி! அவன் சாய்ந்த சோபா வாழி! அதன் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்த செங்கல்லும் வாழி! ஓராண்டுக் காலம் அவன் பட்ட பாட்டை யாம் பாடப் புகுந்தோம். சொற்களே, வரிசையில் வாருங்கள், தள்ளாதீர்கள்.

அவனுக்குத் தோழர் மூவர். ஒரே பெஞ்சைத் தேய்த்துப் படித்துவிட்டுத் திசைக்கொருவராய்ச் சிதறிப் போனவர்கள். ‘வாயைத் திறங்க’ என்ற ஒற்றைச் சொல்லால் மல்லரையும் நடுங்கவைக்கும் வெண்கோட்டு நாயகியாம் பல் டாக்டர் முதலாமவள். நாளெல்லாம் அலறல் கேட்டுப் பழகிய அவள் செவிக்கு விடுமுறையிலும் அலறல் வேண்டுமாதலால், அவள் தேர்வதெல்லாம் பேய்ப் படம். ஊர் விழிக்குமுன் அடுப்பு மூட்டி, ஊர் விழித்தபின் கண்மூடும் மாவு படிந்த புருவத்தான், பேக்கரிக்காரன், இரண்டாமவன்; படம் எதுவாயினும் அவனுக்குப் பெயர் போடும் வரைதான் தெரியும். கொலை செய்தவன் யாரென்று கொலை நடக்குமுன்பே அறிவித்து அனைவர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளும் சாக்பீஸ் ஏந்திய சட்டநாதன், கணக்கு வாத்தியார், மூன்றாமவன்.

இந்நால்வரும் ஞாயிறுதோறும் பிற்பகலில், அவரவர் வீட்டில் அவரவர் டிவிமுன் அமர்ந்து, பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரே படத்தைக் காண்பது என்று விரதம் பூண்டனர். படத்தைத் தேரும் உரிமை முறைவைத்துச் சுழலும். வாத்தியார் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று முழங்க, மூன்றாம் முழக்கம் முடிந்த கணத்தில் நால்வரும் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தோ, நம் நாயகனின் விரல் ‘மூ’விலேயே பாய்ந்துவிடும். மற்ற மூவர் வீட்டிலும் இன்டர்நெட் நொண்டியடிக்கும். ஆகவே சிரிப்புக் காட்சி அவனை அடைந்து, அவன் உருண்டு புரண்டு தொடையைத் தட்டி ஓய்ந்தபின்தான் மற்றவர் திரையில் அது மெல்ல எட்டிப் பார்க்கும். எப்போது சிரிப்பு வரப்போகிறது என்று முன்பே தெரிந்துவிட்டால் யாருக்குச் சிரிப்பு வரும்?

பொறுக்கமாட்டாத வாத்தியார் ஆணை பிறப்பித்தான்: “முந்திச் சிரிக்கிறவன் அடுத்து வர்ற முறையில படம் செலக்ட் பண்ண முடியாது. அவ்வளவுதான்.”

அன்று தொடங்கியது அவனுக்குச் சனி. வெயில் போய் மழை வந்தது, மழை போய்க் குளிர் வந்தது, அவன் முறை மட்டும் வரவேயில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மூக்கால் அமுக்கிப் பார்த்தான், மூக்கும் முந்தியது. ரிமோட்டைத் தாயின் கையில் ஒப்படைத்தான். அவள் சீரியலைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஒருமுறை உதட்டைக் கடித்து வெற்றியை நெருங்கிய வேளையில், சுவரிலிருந்த பல்லி டிவியின்மேல் தொப்பென்று விழுந்து, தான் விழுந்ததை யாரும் பார்த்தார்களா என்பதுபோல் திரும்பிப் பார்த்துத் தொலைத்தது. “வாத்தியாரே, நான் படத்துக்குச் சிரிக்கல, பல்லிக்குச் சிரிச்சேன்” என்று முறையிட்டான். “எதுக்குச் சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புதான்” என்று தீர்ப்பாயிற்று.

அவனுக்கு அப்படியென்ன பேராசை என்று கேட்பீராயின் கேளுங்கள். மீசை அரும்பிய பருவத்தில் தனியாகப் போய்ப் பார்த்து, சட்டைக்கை நனைய அழுத படம் ஒன்று உண்டு. கலங்கரை விளக்கத்தைக் காக்கும் அண்ணன், கடலுக்குப் போன தம்பிக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் கதை. தம்பியின் படகு கரை தொடுமிடத்தில் தான் அழுதாற்போல் அம்மூவரும் அழ வேண்டும், நால்வரும் ஒரே சமயத்தில் மூக்கைச் சிந்த வேண்டும், அவ்வளவே. இருக்கும் ஊரில் அவனுக்கு வேறு கூட்டாளி கிடையாது. நாள் முழுக்க அவனோடு லிஃப்டில் நிற்பவர்களெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். பாவம், அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

இந்நிலையில் பேக்கரிக்காரன் இடியொன்றை இறக்கினான். “மச்சான், இனிமே ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறக்கச் சொல்லிட்டாங்கடா. அடுத்த வாரம்தான் கடைசி.” அந்தக் கடைசி வாரமோ நம் நாயகனின் முறை. இடி விழுந்த அன்றே ஓடவிருந்த படத்தில் முந்திச் சிரிக்காமல் தப்பினால் கலங்கரை விளக்கம் எரியும். சிரித்தால் அது என்றென்றைக்கும் அணைந்துவிடும்.

அன்று பல் டாக்டரின் தேர்வு. பேய்ப் படத்தில் சிரிப்பேது என்று நம்பி அமர்ந்தான் நம் நாயகன். விரல் வழக்கம்போல் முந்தியது. திரையில் பாழடைந்த மாளிகை, ஊளையிடும் காற்று, இருளைக் கிழித்து வந்தது தரைதொடும் கூந்தலுடைய பேய். வந்த பேய் பேசாமல் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கலாம். கண்ணாடிமுன் நின்று சீப்பை எடுத்தது. தலைவாரி முடித்துக் கூந்தலை ஒயிலாகத் தூக்கிப் பின்னால் எறிந்தது. எறிந்த கூந்தல் மின்விசிறியில் மாட்டியது. பேய் சுற்றலாயிற்று! வீட்டுக்காரக் கிழவர் எழுந்து வந்தார், அண்ணாந்து பார்த்தார், காற்று போதவில்லையென்று விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூண்டது போர்! நாபிச்சுழியில் முரசறைந்து கிளம்பிய சிரிப்புச் சேனை, விலாவெலும்பு வேலிகளை முறித்து, நெஞ்சக வெளியைக் கடந்து, தொண்டைக் கணவாயில் திரண்டு, பல்வரிசைக் கோட்டையின் வாயிலை மோது மோதென்று மோதிற்று. நாயகன் சோபாத் தலையணையைக் கேடயமாய்க் கவ்வினான். கால் கட்டைவிரலைக் காலால் மிதித்தான். துக்கமானதை நினைத்தால் தப்பலாமென்று தன் சூப்பர்வைசரின் முகத்தை நினைத்தான். சூப்பர்வைசரும் விசிறியில் சுற்றினார். கன்னம் புடைத்தது, காது சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது, மூக்கிலிருந்து குக்கரின் முதல் விசில் போலொரு மெல்லொலி எழுந்தது.

துவைத்த துணிக்கூடையோடு அவ்வழியே வந்த தாய் கூடையைப் போட்டாள். “ஐயோ, என்னடா இது! மூச்சு விடுடா!” என்று அலறி அவன் உச்சந்தலையில் ஓங்கித் தட்டினாள். அவன் கையை ஆட்டி ‘ஒன்றுமில்லை’ என்றான். பேச்சும் போய்விட்டது என்று முடிவுகட்டி, கூடையிலிருந்த ஈரத்துண்டை அவன் முகத்தில் பிழிந்தாள். “ஆன்ட்டி, முதல்ல வாயைத் திறக்கச் சொல்லுங்க!” என்று போனுக்குள்ளிருந்து பல் டாக்டர் ஆணையிட்டாள். அவன் திறப்பானா? தலையணையைக் கவ்வியபடி, முகத்தில் நீர் வழிய, தாய் ஒருபுறம் தட்ட, கன்னங்கள் இரண்டும் இரு பந்துகளாய் உருள, அசையாது நின்றான் அவ்வடங்காச் சிரிப்பை அடக்கிய அண்ணல்.

வாத்தியார் போனைப் பார்த்தான். அவன் வீட்டுத் திரையில் பேய் இன்னும் சீப்பையே எடுக்கவில்லை. ஆயினும் அவன் தோள் குலுங்கியது, கண்ணாடி நழுவியது, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் சிரித்தறியாத அச்சட்டநாதன், கெக்கெக்கே என்று கோழி போலச் சிரித்துவிட்டான்.

“டேய், நான் படத்துக்குச் சிரிக்கலடா! அவன் மூஞ்சிக்குச் சிரிச்சேன்!”

உறங்கிக்கிடந்த பேக்கரிக்காரன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். “எதுக்குச் சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புதான், வாத்தியாரே. நீ சொன்னதுதான்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன்பின் நம் நாயகன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். தட்டுகள் நடுங்கின, செங்கல் நகர்ந்தது, எதிர்வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். “சிரிப்பா இது? நான் உயிரையே விட்டேனே” என்று தாய் துண்டாலேயே அவனை ஒரு அடி அடித்தாள்.

வந்தது அந்த ஞாயிறு. நீராடி, இஸ்திரிச் சட்டை உடுத்து, சன்னல்திரையை இழுத்துவிட்டு, கைக்குட்டையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டான் நாயகன். தோழர் மூவரும் கைக்குட்டை எடுத்துவரக் கட்டளையிட்டிருந்தான். அவர்களும் எடுத்து வந்திருந்தார்கள். கடைசி நாளாயிற்றே என்று பேக்கரிக்காரன் முகம் கழுவி, நின்றுகொண்டே பார்ப்பதாக வாக்களித்தான். தோற்ற வாத்தியார் முழங்கினான். என்ன அதிசயம்! அந்த ஆண்டில் முதன்முறையாக அவ்வவசர விரல் ‘மூணு’ முடியும்வரை பொறுத்தது. நொண்டிய இன்டர்நெட்டுகள் நேராக நடந்தன. நான்கு ஊர்களின் நான்கு திரைகளும் ஒரே கணத்தில் ஒளிர்ந்தன. எழுந்தது கடல்! பொழிந்தது மழை! ஓங்கி நின்றது கலங்கரை விளக்கம்! படியேறினான் அண்ணன், விளக்கைத் துடைத்தான், படியிறங்கினான், மறுபடியும் ஏறினான், மறுபடியும் துடைத்தான், பேரலை வந்து பாறையில் மோத, கரிய முகில் வானை மூட, இமையாத எண்விழிகள் திரையில் பதிய, ஓராண்டு நெஞ்சில் பொத்திவைத்த தவம் இதோ பலிக்கிறதென்று வையம் மூச்சடக்கிக் காத்திருக்க, வீரருள் வீரன், பல்லியிடம் தோற்றும் பேயாலும் பெற்ற தாயாலும் வெல்லப்படாதவன், கைக்குட்டையைக் கையிலெடுத்து, தோழர் முகம் மூன்றையும் மாறி மாறி நோக்கித் திருவாய் மலர்ந்தான்.

“போர் அடிக்குதுடா, வேற ஏதாவது போடலாமா?”